குழந்தையுடன் சைக்கிள் பிரயாணம்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் வட்டார அபிவிருத்தி அதிகாரி ஆற்றிய உரை)



குடிநீரைப் பற்றியும் வரிவசூலைப் பற்றியும் பேச வேண்டிய அதிகாரி சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நிகழ்ச்சி நிரலில் கண்டவுடன் உங்களில் சிலர் புன்னகை செய்ததைக் கவனித்தேன். இதற்குக் காரணம் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் ஓர் அம்மையார் எழுந்து கேட்ட கேள்வியாகும். "அங்கன்வாடி எங்கள் தெருவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். குழந்தைக்கு இரண்டரை வயது. நடக்கவும் மாட்டான், தூக்கிக்கொண்டு போகவும் முடியவில்லை. சைக்கிளில் வைத்துக்கொண்டு போனால் கால் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மோட்டார் சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்குமா, ஐயா?" என்று அவர் கேட்டார்.

வங்கியில் விண்ணப்பம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை. ஜீப்பில் திரும்பி வரும்போது யோசித்தேன். ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்திற்காக ஒரு குடும்பம் இரண்டு மூன்று வருஷத் தவணையில் சிக்கிக்கொள்ள வேண்டுமா? அவ்வீட்டில் சைக்கிள் இருக்கிறது. அந்த அம்மையாருக்கு ஓட்டவும் தெரியும். தடையாயிருப்பது ஒரேயொரு பயந்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே, பயத்திற்குக் காரணமானதை அகற்ற வழியுண்டா என்பதுதான் கேள்வி. வழியுண்டு என்பதையே இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அந்தப் பயம் எனக்கும் பழக்கமானது. என் வலது குதிகாலில் ஒரு தழும்பு இருக்கிறது. நான்கு வயதில் என் தந்தையார் என்னைச் சைக்கிளின் பின் கேரியரில் உட்கார வைத்துச் சந்தைக்கு அழைத்துச் சென்றார். கால் வைக்க இடமில்லை. தொங்கவிட்ட கால், மேடு பள்ளத்தில் ஆடிச் சக்கரத்துக் கம்பிகளுக்குள் நுழைந்தது. சக்கரம் நின்றது, ஆனால் குதிகாலின் தோலை வழித்துக்கொண்டுதான் நின்றது. என் தந்தையாரை அன்று ஒருவரும் குறை கூறவில்லை. ஊரிலே எல்லோரும் குழந்தைகளை அப்படித்தான் அழைத்துச் சென்றார்கள்.

இந்தக் காயத்தைப் பற்றித் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கம்பிகளுக்கும் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டுக்கும் இடையே குதிகால் நசுங்குகிறது. முதல் நாள் பார்த்தால் வெறும் சிராய்ப்பைப் போலவே தோன்றும். உள்ளே நசுங்கிய தோல் சில நாட்கள் கழித்துக் கறுத்து, செத்து, உதிரும். பிறகு பெரிய புண்ணாகிவிடும். எலும்பு முறிந்திருப்பதும் உண்டு. எனவே, காப்பித் தூளையோ சுண்ணாம்பையோ அப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

இதைத் தடுக்கும் உபாயம் மிக எளியது. குழந்தையின் கால் எட்டக்கூடிய அளவுக்குப் பின் சக்கரத்தின் இரு பக்கங்களையும் மூடிவிட வேண்டும். பெண்கள் சைக்கிளில் சேலை சிக்காமலிருக்கச் சக்கரத்தின் மேற்பாகத்தில் ஒரு மறைப்புப் பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே இன்னும் கீழே, சக்கரத்தின் நடு அச்சு வரைக்கும் இறக்கிவிட்டால் போதும். கெட்டியான பிளாஸ்டிக் வலையோ, எண்ணெய் டின் தகடோ உபயோகிக்கலாம். தகடாயின் ஓரங்களை மடித்துத் தட்டிவிட வேண்டும். இல்லையேல் கம்பியிடமிருந்து காப்பாற்றிய காலைத் தகடு அறுத்துவிடும். அத்துடன் குழந்தையின் பாதங்கள் ஊன்ற இரு பக்கமும் ஒரு மிதிபலகையும், பாதத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு வாரும் வேண்டும். இவ்வளவையும் சாதாரண வெல்டிங் பட்டறையில் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கலாம்.

இனி உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். வெறும் கேரியர் குழந்தைக்கு இடமல்ல. அது நெல்மூட்டைக்கு ஏற்பட்டது. முதுகுக்குச் சாய்மானமும் இரு பக்கமும் தடுப்பும் தோளின் மேல் வரும் பட்டையும் உள்ள இருக்கை வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் தர நிர்ணயப்படி பின் இருக்கையில் 22 கிலோ வரையிலும், முன்னால் பொருத்தும் இருக்கையில் 15 கிலோ வரையிலும் குழந்தையை ஏற்றலாம். இரண்டு வயதுக் குழந்தை சுமார் 12 கிலோ இருக்கும். இருக்கையைத் தாங்கும் கேரியரின் நட்டுகளை வாரத்திற்கு ஒரு முறை திருகிப் பார்க்க வேண்டும். குழந்தையைத் துண்டினால் தம் இடுப்போடு கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய பாசத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் துண்டின் நுனி சக்கரத்தில் சிக்கினால் இருவருக்குமே ஆபத்து. துப்பட்டா, முந்தானை, குழந்தையின் கழுத்தில் தொங்கும் கயிறு எல்லாவற்றிற்கும் இது பொருந்தும்.

ஒரு வயது நிறையாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே கூடாது. அதன் கழுத்துக்கு இன்னும் பலம் வரவில்லை. உதவியின்றி உட்காரவும், தலைக்கவசத்தின் பாரத்தைத் தாங்கித் தலையை நிமிர்த்தி வைத்திருக்கவும் தெரிந்த பிறகே பிரயாணத்தைத் தொடங்கலாம். தலைக்கவசமா, அதுவும் இந்தப் பட்டிக்காட்டிலா என்று கேட்பீர்கள். மோட்டார் சைக்கிளில் அழைத்துச் செல்லும் சிறு குழந்தைகளுக்காக மத்திய சர்க்கார் 2022-ஆம் ஆண்டில் ஒரு விதியைப் பிறப்பித்தது. 2023 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுகிறவருடன் பட்டையால் இணைக்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். சைக்கிளுக்கு அந்த விதி கிடையாது. ஆயினும் தார் ரோட்டின் கடினம் விதியைப் பார்த்து மாறுவதில்லை.

சைக்கிள் ஓடும்போது மட்டுமே விழும் என்று நினைக்கிறோம். குழந்தையை உட்கார வைத்துவிட்டுப் பெட்டிக்கடையில் ஏதோ வாங்கத் திரும்புகிறோமே, அந்தக் கணத்திலும் அது சாய்ந்துவிடும். ஒற்றைக்கால் ஸ்டாண்டை ஒருபோதும் நம்பக் கூடாது. இரட்டைக்கால் ஸ்டாண்டாயிருப்பினும் ஒரு கை சைக்கிளின் மேலேயே இருக்க வேண்டும். பையும் மூட்டையும் முதலில் ஏறட்டும். குழந்தை கடைசியில் ஏற வேண்டும், இறங்கும்போது முதலில் இறங்க வேண்டும். முதல் நாளே குழந்தையை ஏற்றாமல், அதே எடையுள்ள அரிசிப் பையை இருக்கையில் கட்டிக்கொண்டு தெருவில் நாலு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது நலம். திரும்பும்போது பின்பாரம் எப்படி இழுக்கிறது என்பது அப்பொழுது புரியும். வெயிலில் நின்ற இருக்கையைத் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தையை அமர்த்த வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை; தாய்மார்கள் அறிவார்கள்.

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதில் ஒரு காரோ மோட்டார் சைக்கிளோ வாங்கிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கே என்னையும் சேர்த்துக்கொண்டே பேசுகிறேன். சில வருஷங்களுக்கு முன் நானும் ஒரு கார் வாங்கினேன். எங்கள் கடைசிப் பெண்ணுக்கு மூன்று வயது. அவளுக்காக வாங்கினேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் அந்தக் கார் எங்கெல்லாம் போயிற்று என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தபோதுதான் விஷயம் வெளியாயிற்று. பாதிக்கு மேற்பட்ட பிரயாணங்கள் மூன்று கிலோமீட்டருக்கு உட்பட்டவை: பள்ளி, காய்கறிக் கடை, கோவில். மற்ற நேரமெல்லாம் அது வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. கொட்டிலில் கட்டியிருக்கும் எருமையாவது பால் கொடுக்கும். வாசலில் நிற்கும் கார் தவணை மட்டுந்தான் கேட்கும். அந்தப் பிரயாணங்களை இப்பொழுது என் மனைவியும் நானும் சைக்கிளிலேயே முடித்துவிடுகிறோம். காரை விற்றுவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன், அது இருக்கிறது. ஆனால் இரண்டாவது வண்டி வாங்கும் யோசனையைக் கைவிட்டோம்.

பெட்ரோல் விலையை மட்டும் பார்த்தால் கணக்குச் சரியாக விளங்காது. சென்னையில் 2021-ல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். எனினும் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் மூன்று கிலோமீட்டர் போய்வர ஐந்தாறு ரூபாய்தான் ஆகும். அதைப் பார்த்துத்தான் ஏமாந்து போகிறோம். முன்பணம், வட்டி, இன்ஷூரன்ஸ், டயர், பழுதுபார்க்கும் கூலி ஆகியவையே குடும்பத்தை அழுத்துபவை. அவை வண்டி ஓடினாலும் வரும், நின்றாலும் வரும். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிய வீடுகளை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். நிதானமாக மிதித்தாலும் சைக்கிள் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகும். அந்த அம்மையாரின் ஒன்றரைக் கிலோமீட்டர், எட்டு அல்லது பத்து நிமிஷ விஷயம்.

பெண்கள் குழந்தையை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது நம் நாட்டுக்குப் புதியதன்று. 1991, 1992 ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தினால், எழுத்தறிவோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. விவசாயக் கூலிப் பெண்களும் கல் குவாரிகளில் உழைத்த பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்றுண்டு. பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் அவர்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டப் பழகினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போயிற்று. காரணம், அதில் ஆசனத்திற்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு குறுக்குத் தண்டு உண்டு. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்! குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கு அந்தத் தண்டு எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். நாம் செய்ய வேண்டுவதெல்லாம், அந்தத் தண்டின் மேல் பட்டையும் மிதிபலகையும் உள்ள ஓர் இருக்கையைச் சேர்ப்பதேயாகும்.

நம் சர்க்கார் 2001-02 முதல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கும், பின்னர் 2005-06 முதல் பிற மேல்நிலை முதலாண்டு மாணவ மாணவியருக்கும் சைக்கிள் வழங்கிற்று. அந்தச் சைக்கிள்களில் பல, படிப்பு முடிந்த பிறகு கூரையில் தொங்குவதையும், கோழி அடையும் இடமாயிருப்பதையும் கிராமம் கிராமமாகப் பார்க்கிறேன். அன்று அதில் பள்ளிக்குச் சென்ற பெண்ணே இன்று குழந்தைக்குத் தாயாயிருக்கிறாள். டியூபும் டயரும் பிரேக் கட்டையும் மாற்றினால் அது மறுபடி ஓடும்.

சைக்கிள் ஏழையின் வாகனம், கௌரவத்திற்குக் குறைவு என்ற எண்ணந்தான் மிகவும் கெட்டியான முள். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய நலத்திட்டம் தொடங்கப்பட்ட காலத்தில் கிராம சேவக் சைக்கிளில்தான் ஊர் ஊராகச் சென்றார். வட்டார அதிகாரிக்கு ஜீப் வந்தது. கௌரவம் அந்த ஜீப்போடு சேர்ந்து ஊருக்குள் வந்ததில் எங்கள் இலாகாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். பணக்கார நாடுகளில் காரில்தானே போகிறார்கள் என்றும் கேட்கிறார்கள். ஹாலந்து தேசம் நம்மைவிடப் பன்மடங்கு பணக்கார நாடு. அங்கே ஜனத்தொகையைவிடச் சைக்கிள்களின் எண்ணிக்கை அதிகம். எப்பொழுதும் அப்படியே இருந்துவிடவில்லை. கார்கள் பெருகி, 1971-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு நவம்பர் முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை விதித்தார்கள். அதன் பிறகு, குழந்தை பயமின்றிப் போகும்படி தெருக்களையே திருத்தத் தொடங்கினார்கள். அங்கே தாய் தந்தையர் குழந்தைகளைச் சைக்கிளில் அழைத்துச் செல்வது இன்று சாதாரணக் காட்சி.

தெருவைத் திருத்துவது என்றவுடன் பேச்சு உங்கள் பக்கம் திரும்புகிறது. குடும்பம் இருக்கையைப் பொருத்தலாம். பாதையைப் பொருத்த வேண்டியது பஞ்சாயத்து. 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, கிராமச் சாலைகளையும் தெருவிளக்குகளையும் பஞ்சாயத்தின் கட்டாயக் கடமைகளில் சேர்த்திருக்கிறது. முதலாவதாக, அங்கன்வாடிக்கும் துணைச் சுகாதார நிலையத்துக்கும் செல்லும் பாதையின் இரு ஓரங்களிலும் சீமைக் கருவேலை வளைந்து தொங்குகிறது. அதன் முள்தான் டியூபின் முதல் எதிரி. அதன் கிளைதான் குழந்தையின் முகத்துக்கு நேராக நிற்பது. வெட்டிய கிளைகளைப் பாதையிலேயே போடாமல் அப்புறப்படுத்துவதும் வேலையில் சேர்ந்ததே. அடுத்து, குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளங்கள். மேலே மண்ணைத் தள்ளிவிட்டு வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போடுகிறார்கள். முதல் மழையில் அது குழியாகிறது. அந்தக் கையெழுத்துகளில் சில எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவை. இனிமேல் பள்ளத்தை அடுக்கடுக்காக இடித்து இறுக்கினார்களா என்று பார்க்காமல் வேலை முடிந்ததென்று எழுதிக் கொடுக்காதீர்கள்; எழுதிக் கொடுக்கும்படி நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

விவசாயிகளிடம் ஒரு விண்ணப்பம். அறுவடைக் காலத்தில் உளுந்தையும் எள்ளையும் கேழ்வரகையும் ரோட்டின் மேல் பரப்புகிறீர்கள். களம் போதாது என்பது எனக்குத் தெரியும். புதிய உலர்களங்களுக்கான கோரிக்கைகள் என் மேஜை மேலேயே இருக்கின்றன. அதுவரையில், ஒரு பக்கம் ஒரு பாகம் அகலமாவது தார் தெரியும்படி விட்டுவையுங்கள். உளுந்துக் கொடியின் மேல் பிரேக் பிடித்த சைக்கிள் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு போகும்.

பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் வைக்க ஒரு கூரையும், சங்கிலி போட்டுப் பூட்ட ஓர் இரும்புக் குழாயும் அமைக்க வேண்டுமென்று நான் வற்புறுத்துவேன். குழந்தையுடன் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தாய் முழுத் தூரமும் மிதிக்க முடியாது. ரோட்டு வரைக்கும் சைக்கிள், பிறகு பஸ் என்று வைத்துக்கொண்டால், வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணம் மிஞ்சும். வெயிலில் விட்டுச்சென்றால் இருக்கையின் பட்டை வெடித்துப்போகும். பூட்டாமல் விட்டுச்சென்றால் சைக்கிளே போய்விடும். ஆகவேதான் கூரையும் குழாயும் கேட்கிறேன்.

எல்லா இடத்துக்கும் சைக்கிள் ஏற்றது என்று நான் வாதிக்கவில்லை. லாரிகளும் கரும்பு டிராக்டர்களும் விரைந்து செல்லும் நெடுஞ்சாலையில் குழந்தையோடு சைக்கிள் ஓட்டும்படி எவருக்கும் சொல்லமாட்டேன். குறுக்கே கடக்க நேர்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நெடுஞ்சாலை பஞ்சாயத்தின் பொறுப்பில் இல்லை. கடக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வேண்டுமென்று நெடுஞ்சாலைத் துறைக்குத் தீர்மானம் அனுப்புங்கள், நான் தொடர்ந்து கவனிக்கிறேன். இருட்டிய பின்பும், கொட்டும் மழையிலும், நாய் துரத்தும் தெருவிலும் பிடிவாதம் வேண்டாம். நடுராத்திரியில் குழந்தைக்கு ஜன்னி கண்டால் அதற்கென 2008 முதல் 108 வண்டி இருக்கிறது. அந்த ஒரு ராத்திரிக்காக வருஷம் முழுவதும் ஒரு காரை வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. கல்யாணத்திற்கும் கோவில் யாத்திரைக்கும் வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்ட அந்த அம்மையாரைப் பிறகு ஒரு நாள் சந்தித்தேன். கடன் விண்ணப்பத்தைக் கொடுக்கவா, வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். அது உங்கள் குடும்பத்தின் தீர்மானம். ஆனால் முதலில் சக்கரத்தை மூடிப் பாருங்கள் என்றேன். அவருடைய மாமியார் உள்ளேயிருந்து, "மூடினால் மட்டும் போதுமா? அந்த வாய்க்கால் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் எங்கே?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன், சுவர் இல்லை. அந்த வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு சைக்கிளை நிறுத்தி வைத்திருக்கிறோம். பின் சக்கரத்துக்குத் தகடு அடித்து, மிதிபலகையும் பட்டையும் பொருத்தியிருக்கிறது. பட்டறைக்காரரும் பக்கத்திலேயே இருப்பார். அளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருக்கையில் குழந்தைக்குப் பதில் அரிசிப் பை கட்டியிருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் இந்த வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வரலாம். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, உங்கள் ஊரில் எந்தத் தெருவிலிருந்து அங்கன்வாடி எவ்வளவு தூரம், நடுவில் எத்தனை பள்ளம், எத்தனை விளக்கு எரியவில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.